நடுவே ஒருவர்... ஆனால் நாட்டாமை இல்லை!

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



கூட்டம் போடுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டம், தெருச் சாக்கடைக்குக் கூட்டம், காலேஜுக்கு வந்தால் மன்றக் கூட்டம், அசோசியேஷன் கூட்டம், சிம்போசியம் கமிட்டிக் கூட்டம். மூன்று மணி நேரம் நடக்கும். முடிந்து வெளியே வருகிற ஒருவரை நிறுத்தி, "என்னப்பா முடிவாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "சமோசா நல்லா இருந்துச்சு" என்பார். அப்படியானால் முடிவு எங்கே எடுக்கப்பட்டது? முதல் நாள் சாயங்காலமே நாலு பேர் டீக்கடையில் எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் கூட்டம் கலைந்த பிறகு வண்டி ஸ்டாண்டில் எடுப்பார்கள். நடுவில் நடந்த அந்த மூன்று மணி நேரம் சும்மா ஒரு சாங்கியம்.

கூட்டத்தை ஒழுங்காக நடத்திக் கொடுப்பதற்கென்றே உலகத்தில் ஒரு தொழில் இருக்கிறது. செய்கிறவரை ஃபெசிலிடேட்டர் என்கிறார்கள். கம்பெனிகளிலும் அரசுத் துறைகளிலும் "அடுத்த மூணு வருஷத்துக்கு நாம என்ன செய்யப் போறோம்?" என்று திட்டம் போட இரண்டு நாள் பட்டறை வைப்பார்கள் (நம்ம லேத் மெஷின் பட்டறை இல்லை!). அதை நடத்துவதற்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டு வெளியிலிருந்து வருகிற ஆள். இதை வீட்டில் சொன்னபோது அப்பா, "பேசறதுக்குக் காசா?" என்று கேட்டார். "பேசறதுக்கு இல்லப்பா, மத்தவங்களைப் பேச வைக்கறதுக்கு" என்றேன். அப்பா சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் இவரை 'வழிநடத்துநர்', 'ஒருங்கிணைப்பாளர்' என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். எனக்கு எதுவும் திருப்தியாக இல்லை. வழிநடத்துகிறவர் என்றால் எந்த வழியில் போகணும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்றாகிவிடுகிறது. இவருக்கு அது தெரியாது. தெரிந்ததுபோல் நடந்துகொள்ளவும் கூடாது. நமக்குப் பழக்கமான ஆட்களோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். நாட்டாமை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வார். பட்டிமன்ற நடுவரும் நாலு ஜோக் சொல்லிவிட்டுக் கடைசியில் தீர்ப்புத்தான் சொல்வார். கூட்டத் தலைவருக்கு மைக்கும் மாலையும் உண்டு, சொந்த அபிப்பிராயமும் உண்டு. கன்சல்டன்ட் என்பவர் "இப்படிச் செய்யுங்க" என்று யோசனையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். வாத்தியாருக்கு விடை தெரியும். ஃபெசிலிடேட்டரிடம் தீர்ப்பும் இல்லை, யோசனையும் இல்லை, விடையும் இல்லை. முடிவு எப்படிப் போனாலும் அவருக்கு லாபமோ நஷ்டமோ கிடையாது. அவரைக் கூப்பிடுவதே அதற்காகத்தான்.

தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே விளங்கும். பேட்டிங் டீமைச் சேர்ந்தவனையே அம்பயராக நிறுத்துவோமே, என்ன ஆகும்? அந்த இன்னிங்ஸில் எல்.பி.டபிள்யூ. என்பதே இருக்காது! அவன் கெட்டவன் இல்லை. அடுத்து பேட் பிடிக்கப் போவது அவன்தான், அவ்வளவுதான் விஷயம். நம் கூட்டங்களில் தலைமை தாங்குகிறவர்கள் எல்லோருமே அடுத்து பேட் பிடிக்கப் போகிறவர்கள்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். விடுமுறையில் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறேன். ஒரு சைட்டில் மாடிப்படி நிலைச்சட்டத்தில் தலை இடிக்கும் என்று அப்பாவுக்கு செங்கல் வைக்கும்போதே தெரிந்துவிட்டது. இன்ஜினியர் வந்தார், பிளானைப் பார்த்தார், "ஏதாவது சந்தேகம் இருக்கா மேஸ்திரி?" என்று கேட்டார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றார். படி கட்டி முடிந்தது, தலையும் இடித்தது, மறுபடி உடைத்துக் கட்டினோம். அந்த இன்ஜினியர் நல்ல மனிதர், கேட்கத்தான் செய்தார். ஆனால் நாலு பேர் எதிரில், நின்றபடி, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் எங்கள் வீட்டு ஆட்களின் வாயிலிருந்து வருகிற பதில் அது ஒன்றுதான். நம் வகுப்பிலும் அப்படித்தானே? "எனி டவுட்?" என்று சார் கேட்டதும் ஐம்பது பேரும் தலையைக் குனிந்துகொள்கிறோம். டவுட் இல்லாமலா அரியர் விழுகிறது?

கேள்வியை எப்படிக் கேட்பது, யாரிடம் முதலில் கேட்பது, எங்கே உட்கார வைத்துக் கேட்பது என்பது ஒரு தொழில்நுட்பம். வெல்டிங் மாதிரி, சர்வே மாதிரி, பழகினால் வரும்.

எப்படிச் செய்கிறார்கள்?

நல்ல ஃபெசிலிடேட்டரின் வேலை பட்டறைக்கு முன்பே தொடங்கிவிடும். வரப் போகிறவர்களைத் தனித்தனியாகப் பார்த்து, "இந்தக் கூட்டத்தில் எதைப் பேசணும்? எதைப் பேசினால் சண்டை வரும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். எத்தனை முடிவு எடுக்க வேண்டும், யாருக்கு அந்த முடிவை எடுக்க அதிகாரம் இருக்கிறது என்பதைத் தலைமையில் இருப்பவரிடம் பச்சையாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். இரண்டு நாள் கூட்டத்துக்கு இந்த முன்வேலைதான் பெரிய வேலை. சமையல்காரர் முதல் நாள் ராத்திரியே உளுந்து ஊறப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். மேடை கிடையாது. சின்னவர்களை முதலில் பேசச் சொல்வார். இது புதுப் பழக்கம் இல்லை. ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் இளையவரிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கர்னல் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் கேப்டனுக்கு வேறு கருத்து எங்கிருந்து வரும்?

வாயால் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு அட்டை. ஆளுக்கு மூன்று அட்டை, ஒரு அட்டையில் ஒரே ஒரு கருத்து, பெரிய எழுத்து, பெயர் போடக் கூடாது. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, ஒரே மாதிரியானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்துவார்கள். 1970-களில் மேற்கு ஜெர்மனியில் மெட்டாபிளான் என்ற குழுவினர் பிரபலமாக்கிய முறை இது. அட்டை சுவருக்குப் போனதும் அது மேனேஜருடையதா, பியூனுடையதா என்று யாருக்கும் தெரியாது. கருத்து மட்டும்தான் அங்கே தொங்கும்.

சம்பந்தம் இல்லாத விஷயத்தை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டால்? "அதெல்லாம் இப்ப வேணாம்" என்று வாயை அடைத்தால் அவர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்கென்று ஓரமாக ஒரு சார்ட் தொங்கும்: 'அப்புறம் பேச வேண்டியவை'. அவர் சொன்னதை அவர் கண் முன்னாலேயே அதில் எழுதி வைப்பார்கள். எழுத்தில் வந்துவிட்டது என்றால் மனுஷனுக்கு பாதி கோபம் போய்விடும். சாயங்காலம் அந்த சார்ட்டையும் மறக்காமல் எடுத்துப் பேச வேண்டும். பேசாமல் விட்டால் அடுத்த நாள் அந்த சார்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் விடக் கஷ்டமானது, சும்மா இருப்பது. கேள்வி கேட்டுவிட்டு அரை நிமிஷம் அமைதியாக நிற்கணும். செய்து பாருங்கள், அரை நிமிஷம் அரை மணி மாதிரி இருக்கும். நாமாக இருந்தால் பதிலையும் நாமே சொல்லிவிடுவோம்.

மெக்கானிக்ஸ் தெரிந்த மனோதத்துவர்

இந்தத் தொழிலின் வேரைத் தேடிப் போனால் குர்ட் லெவின் என்ற மனோதத்துவ அறிஞரிடம் போய் நிற்போம். ஜெர்மனியில் யூதராக வாழ முடியாத நிலை வந்து 1933-ல் அமெரிக்காவுக்குப் போனவர். 1946-ல் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்ற ஊரில், இன, மதத் துவேஷத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு பட்டறை நடத்தினார். பகலில் குழுக்கள் பேசும். ராத்திரியில் லெவினும் அவருடைய ஆராய்ச்சியாளர்களும் தனியாக உட்கார்ந்து, "இன்று இன்னார் இப்படி நடந்துகொண்டார்" என்று அலசுவார்கள். ஒருநாள் ராத்திரி, கலந்துகொண்டவர்களில் சிலர் "நாங்களும் உட்காரலாமா?" என்று கேட்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஆராய்ச்சியாளர் தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட ஒரு பெண்மணி, "நடந்தது அப்படி இல்லை" என்று மறுத்தார். லெவின் அவரைத் தடுக்கவில்லை. அடுத்தடுத்த ராத்திரிகளில் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். பகல் பட்டறையை விட ராத்திரிப் பேச்சில்தான் எல்லோரும் அதிகம் கற்றுக்கொண்டார்கள்! ஒரு குழு தன்னைத்தானே கண்ணாடியில் பார்ப்பது மாதிரியான அந்த முறை அங்கிருந்துதான் பரவியது. லெவின் 1947-ன் தொடக்கத்தில் இறந்துவிட்டார். இந்தியாவில் உதய் பாரிக் போன்றவர்கள் இதை வளர்த்தார்கள். அவரும் டி.வி. ராவும் சேர்ந்து 1970-களின் நடுவில் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு மனிதவள மேம்பாட்டு அமைப்பை வடிவமைத்துக் கொடுத்தார்கள்.

லெவினின் இன்னொரு கருவி நமக்காகவே செய்தது போல் இருக்கும். அப்ளைடு மெக்கானிக்ஸில் ஃப்ரீ பாடி டயகிராம் போட்டிருக்கிறோம் இல்லையா? அதேதான். சார்ட்டின் நடுவில் ஒரு கோடு. அதுதான் இன்றைய நிலைமை. இடது பக்கத்திலிருந்து முன்னே தள்ளும் விசைகள், வலது பக்கத்திலிருந்து தடுக்கும் விசைகள், எல்லாவற்றையும் அம்புக்குறியாகப் போட வேண்டும். 'லைப்ரரிக்கு மாணவர்கள் வருவதில்லை' என்று ஒரு பிரச்சினையை வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்வோம்? சர்க்குலர், எச்சரிக்கை, அட்டெண்டன்ஸ் என்று தள்ளும் விசையைக் கூட்டுவோம். தள்ளத் தள்ள எதிர்ப்பும் கூடும். லெவின் சொன்னது, முதலில் உராய்வைக் குறை என்பது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு? லைப்ரரி எத்தனை மணிக்குத் திறக்கிறது? ஸ்டாண்டில் பையை வைத்துவிட்டு உள்ளே போனால் பை பத்திரமா? உராய்வு எங்கே என்பது உராய்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவனைப் பேச வைக்க வேண்டியிருக்கிறது.

குச்சி யார் கையில்?

நம் நாட்டுக் கிராமங்களில் இந்தக் கலை வேறொரு வழியாக வந்தது. 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் 'பங்கேற்பு ஊரக மதிப்பீடு' என்ற முறை தென்னிந்தியாவில் வேகமாகப் பரவியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களும், அப்போது இந்தியாவில் தங்கியிருந்த ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரும் இதில் முக்கியமானவர்கள். சேம்பர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: குச்சியைக் கொடுத்துவிடு. ஊர் வரைபடத்தை அதிகாரி பேப்பரில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஊர்க்காரர் கையில் குச்சியைக் கொடுத்து, மண் தரையில் போடச் சொல்லு. கோலப்பொடி, கல், இலை, எது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் குழுக் கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. சேர்ந்திருந்த பணத்தை எதற்குக் கடனாகக் கொடுப்பது என்று பேச்சு. எப்போதும் போல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் "நீங்க சொன்னா சரிதான்க்கா" என்றார்கள். அன்று ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த அக்கா சாக்பீஸால் திண்ணையில் ஐந்து கட்டம் போட்டார். ஒன்றில் மாடு, ஒன்றில் தையல் மெஷின், ஒன்றில் பள்ளிக்கூடம், ஒன்றில் ஆஸ்பத்திரி, ஒன்றில் பெட்டிக்கடை. எல்லாம் படம்தான், எழுத்து கிடையாது. ஆளுக்குப் பத்து புளியங்கொட்டையைக் கொடுத்து, "ஒவ்வொருத்தரா போய் வைங்க, மத்தவங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார். மாடுதான் ஜெயிக்கும் என்று அந்த இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டத்தில் கொட்டை குவிந்து கிடக்கிறது! அவசர மருத்துவச் செலவுக்குக் கந்துவட்டிக்கு வாங்கி எல்லோருமே அடிபட்டிருக்கிறார்கள். வாயால் சொல்ல வெட்கம். அன்றைக்கு அந்த அக்கா மொத்தமாகப் பேசியது பத்து வாக்கியம் இருக்காது. என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். புளியங்கொட்டை வைக்க அது கூடத் தேவைப்படவில்லை.

நம்ம புதுச்சேரி ஏரிகள்

நம் ஊரிலேயே பெரிய அளவில் இது நடந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே நில உரிமையாளர்களின் சங்கங்கள் ஏரியையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டன. பிறகு அந்த வழக்கம் நசிந்துபோனது. 1999-ல் ஐரோப்பிய யூனியனின் நிதியுதவியோடு புதுச்சேரி ஏரிகள் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. இந்தப் பகுதியில் உள்ள 84 ஏரிகள். தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மதகைச் சரிசெய்வது எல்லாம் நம் பாடப் புத்தகத்தில் இருக்கிற வேலைகள். கூடவே ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு சங்கம் அமைத்து, அந்தச் சங்கம் ஊர்க் கூட்டத்தில் திட்டம் போட வேண்டும் என்றும் வைத்தார்கள். நிலமில்லாதவர்களும் பெண்களும் சங்கத்துக்குள் வர வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. இந்தக் கூட்டங்களை நடத்திக் கொடுக்க செர்டு போன்ற தொண்டு நிறுவனங்களின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்தது 2006-ல்தான்! நடுவில் முப்பத்தெட்டு வருஷம் கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தலே கிடையாது. ஏரித் திட்டம் தொடங்கியபோது ஊர் கூடி உட்கார்ந்து ஒரு பொது முடிவு எடுக்கிற பழக்கமே ஒரு தலைமுறைக்கு விட்டுப்போயிருந்தது. அந்த நிலைமையில், ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கிறவரும், ஏரித் தண்ணீரையே நம்பியிருக்கிறவரும், ஏரியில் மாடு குளிப்பாட்டுகிறவரும், மீன் ஏலம் எடுக்கிறவரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரே இதை நடத்தியிருந்தால்? அவருக்கும் அதே ஆயக்கட்டில் நிலம் இருக்குமே. பேட்டிங் டீமின் அம்பயர்தான்!

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. என் தாத்தா அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போனதைப் பற்றி இன்றும் சொல்வார்: "அதுவரைக்கும் ஏரிப் பேச்சுன்னா நாங்க கரையில நிக்கிறவங்க. அன்னிக்குத்தான் பாயில உட்கார்ந்தோம்." உட்கார்ந்து என்ன பேசினார் என்று கேட்டால், "பேசல. ஆனா எங்க பக்கத்து மதகு உடைஞ்சு கிடக்குன்னு மேப்புல காட்டினேன்" என்பார்.

கூடம்

இனி நான் சொல்லப் போவது நம்மைப் போல டிப்ளமோவும் டிகிரியும் படித்தவர்களைப் பற்றியது. பக்கத்து மாநிலத்தில், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-ல் உருவானது. சென்னையைத் தவிர்த்து தமிழ்நாட்டின் ஊர்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடுகிற நிறுவனம். 2000-களின் தொடக்கத்தில் தொடர்ந்து மழை பொய்த்து வறட்சி வாட்டியது. போர் போட்டால் வற்றுகிறது, இன்னும் ஆழமாகப் போட்டால் அதுவும் வற்றுகிறது. செலவு ஏறுகிறது, கிராமத்தில் குடத்தோடு மறியல். இந்தச் சமயத்தில், 2004-ஐ ஒட்டி, வாரியத்துக்குள்ளேயே ஒரு மாற்றத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் விபு நாயர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. வழக்கறிஞர் வி. சுரேஷ் போன்றவர்கள் வெளியிலிருந்து வந்து இதில் சேர்ந்தார்கள்.

புதுக் குழாயோ, புது மோட்டாரோ வாங்கிவிடவில்லை. இன்ஜினியர்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: 'கூடம்'. நம் பழைய வீடுகளில் எல்லோரும் கூடி உட்காருகிற கூடம்தான். அங்கே மேல் கீழ் கிடையாது. கண்காணிப்புப் பொறியாளரும் உதவிப் பொறியாளரும் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டும். அரசாங்க ஆபீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய புரட்சி என்று! நாற்காலியின் முதுகில் போட்டிருக்கும் டர்க்கி டவலுக்கே அங்கே கிரேடு உண்டு.

"நாம் போட்ட திட்டங்கள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன? யாருக்குச் சேரவில்லை? ஏன்?" இந்த மாதிரிக் கேள்விகளை வெளி ஆள் வந்து குற்றச்சாட்டாகக் கேட்டிருந்தால் ஃபைலைக் காட்டித் தப்பித்திருப்பார்கள். வட்டத்தில் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டதால் தப்பிக்க வழி இல்லாமல் போனது. ஊர் ஜனங்களோடு பங்காளியாக வேலை செய்வது, தண்ணீர் எட்டாத குடும்பங்களுக்கு முன்னுரிமை கொடுப்பது, பழைய நீராதாரங்களைக் காப்பாற்றுவது என்று பொறியாளர்கள் தாங்களே ஒரு உறுதிமொழி எழுதினார்கள். 'மறைமலைநகர் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். மேலிடத்து ஆர்டராக வந்திருந்தால் அது இன்னொரு சர்க்குலர்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நாம் கவனிக்கணும். கூடத்தில் உட்கார்ந்த அதே இன்ஜினியர்கள் கிராமத்துக்குப் போய் கிராம சபையில் கூடம் போட்டார்கள். கையில் எஸ்டிமேட்டோடு போய் "இதுதான் உங்க திட்டம்" என்று சொல்லும் பழக்கம் மாறி, ஊரே தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தது. புது போர் வேண்டாம், இருக்கிற பைப் லைனைச் சரிபண்ணினால் போதும் என்ற மாதிரி சிக்கனமான முடிவுகள் பல ஊர்களில் வந்தன. கொஞ்ச காலம் வெளியாள் நடத்திக் கொடுத்தது, பிறகு உள் ஆட்கள் கைக்கே வந்துவிட்டது. ஃபெசிலிடேட்டர் தொழிலின் லட்சணமே, தான் இல்லாமல் நடக்கும்படி செய்துவிட்டுக் கிளம்புவது என்று நினைக்கிறேன். கம்பெனிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, அவர்களுக்கு அடுத்த வருஷ ஃபீஸ் போய்விடுமே!

ஏமாற்றுப் பட்டறைகளும் உண்டு

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நான் ஒரு பயிற்சிக்குப் போனேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். அட்டை கொடுத்தார்கள், எழுதினோம், கலர் கலராக ஒட்டினோம், பலூன் விளையாட்டு கூட உண்டு. சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து, "நீங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு இதுதான்" என்று ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்த தாளைப் படித்தார். எங்கள் அட்டைகள் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த நண்பன் காதில் சொன்னான்: "இதுக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தா பஸ் காசாவது மிச்சம்." கேட்பது போல் கேட்டுவிட்டுக் கேட்காமல் விடுவது, கேட்காமலே இருப்பதை விட மோசம். அடுத்த தடவை நிஜமாகவே கேட்டாலும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அதனால் ஃபெசிலிடேட்டரைக் கூப்பிடும் முன் கூப்பிடுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: முடிவு உண்மையிலேயே திறந்திருக்கிறதா? இல்லையென்றால் சர்க்குலர் அனுப்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடிவில் பாதி ஏற்கெனவே ஆகிவிட்டது என்றால், "இவ்வளவு பணம்தான் இருக்கு, இந்தத் தேதியை மாத்த முடியாது, மீதியை நீங்க முடிவு பண்ணுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கப் போகிறவர் யார் என்பதையும் பெயர் போட்டு எழுதி வைக்கணும். பெயர் இல்லாத வேலை நடக்காது. நம்ம புராஜெக்ட் பேட்சில் ஆறு பேர் இருந்தும் ரிப்போர்ட்டை ஒருத்தன் மட்டும் ராத்திரி முழுக்க டைப் அடிப்பது அதனால்தான்.

எல்லாக் கூட்டத்துக்கும் காசு கொடுத்து ஆள் கூப்பிடுவதும் வீண். ஸ்போர்ட்ஸ் டேக்கு எந்த ஸ்வீட் என்று முடிவு பண்ண யாரும் வர வேண்டியதில்லை. அதிகாரம் உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாக உட்காரும்போது, இரண்டு பிரிவுக்குள் மனஸ்தாபம் இருக்கும்போது, ஒரு முடிவு பல வருஷத்துக்குப் பலரைக் கட்டிப்போடப் போகிறது என்கிறபோது வெளியாள் தேவை.

நம்மால் ஃபீஸ் கொடுக்க முடியாது. ஆனால் பண்டமாற்று செய்யலாமே? சிவில் அசோசியேஷன் கூட்டத்தை மெக்கானிக்கல் மாணவர் நடத்தட்டும். எலக்ட்ரிக்கல் கூட்டத்தை கம்ப்யூட்டர் மாணவி நடத்தட்டும். எங்கள் சிம்போசியம் பட்ஜெட்டில் மெக்கானிக்கலுக்கு என்ன போச்சு? ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'தான் நமக்கு வேண்டும். நாளைக்கு ஜூனியர் இன்ஜினியராகவோ சூப்பர்வைசராகவோ போய் நிற்கப் போகிற நமக்கு முன்னால் என் அப்பா மாதிரி ஒரு மேஸ்திரி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். தியோடலைட்டைப் பிடிக்க மூன்று வருஷம் கற்றுக்கொடுக்கிறார்கள். அவரைப் பேச வைக்க எந்த செமஸ்டரிலும் பேப்பர் இல்லை.

மாணவர் மன்றத்தின் அடுத்த ஆண்டுத் திட்டக் கூட்டம் ஜூலையில் வருகிறது. அதை இந்த முறையில் நடத்திப் பார்க்கலாம் என்று செயலாளர் அண்ணனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்காலி வட்டமாக, முதல் பேச்சு முதலாண்டு மாணவர்களுக்கு, நிர்வாகிகள் கடைசியில். ஆக வேண்டிய செலவு: சார்ட் பேப்பர் பத்து, மார்க்கர் நாலு, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டினால் அட்டை இலவசம். புளியங்கொட்டை ஒரு படி வேண்டும்; எங்கள் வீட்டில் இருக்கிறது, நான் கொண்டு வருகிறேன்.